என் கையில் இருந்த கயிறு

மூன்று வருடத்துக்கு முன், ஒரு சித்திரை மாதக் கடைசியில், ஆண்டிமடத்துக்குப் பக்கத்தில் ஒரு முந்திரித் தோப்பு வீட்டில் நடந்தது இது. ஆனால் ஆரம்பம் அங்கே இல்லை. மும்பைக்கு மேற்கே, கரை கண்ணுக்குத் தெரியாத கடலில் இருக்கிறது. அதையும் சொன்னால்தான் புரியும்.

எனக்கு ஊர் ரஞ்சன்குடிப் பக்கம். கொஞ்சம் நிலம் உண்டு. சின்ன வெங்காயம் போடுவோம். இரண்டு வருடம் சேர்ந்தாற்போல் வெங்காயம் அழுகியது. தெரிந்தவர் ஒருவர் மூலமாகக் கடல் வேலைக்குப் போனேன். எண்ணெய் எடுக்கும் இரும்பு மேடைகளைப் பழுது பார்க்கும் வேலை. தங்குவது பார்ஜில். பார்ஜ் என்றால் தட்டையான பெரிய கப்பல். அதிலேயே கிரேன், அதிலேயே சமையல், அதிலேயே படுக்கை. ஐப்பசியில் போனால் சித்திரை முடிகிறபோது திரும்புவோம். மழைக்காலத்தில் அந்தக் கடலில் வேலை நடக்காது.

படகிலிருந்து பார்ஜுக்கு ஆளை ஏற்றுவதும் கிரேனில்தான். வலை பின்னிய கூடை ஒன்று இறங்கும். அதன் வெளிப்பக்கம் நின்று வலையைக் கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்படியே தூக்குவார்கள். முதல் தடவை நான் கீழே தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்றவன் தமிழில் பேசினான்.

"கீழ பாக்காத மாப்ள. மேல கொக்கியப் பாரு."

அவன்தான் ஆண்டிமடத்துக்காரன். எனக்கு முன்பே இரண்டு வருடம் அங்கே இருந்தவன். பார்ஜில் யாருக்கும் பெயர் கிடையாது, ஊர்தான் பெயர். அவன் ஆண்டிமடம். நான் ரஞ்சன்குடி. வடக்கத்திக்காரர்கள் வாயில் அது நுழையவில்லை, ராஞ்சி என்றே கூப்பிட்டார்கள். ஒரு வாரம் நான் திரும்பிப் பார்க்கவே இல்லை. அவன்தான், "யோவ் ராஞ்சி, ஒன்னத்தான்யா கூப்புடுறான்" என்று முதுகில் தட்டுவான். அதிலிருந்து அவன் எனக்கு மச்சான், நான் அவனுக்கு மாப்ள.

எங்கள் இருவருக்கும் ஒரே வேலை. கிரேன் கொக்கியில் சுமையைக் கட்டி அனுப்புவது, வருகிற சுமையை இறக்குவது. தொங்குகிற சுமை காற்றில் சுற்றும். சுற்றாமல் இருக்க இரண்டு பக்கமும் கயிறு கட்டி, ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொள்வோம். தினமும் காலையில் எல்லாரையும் நிற்க வைத்து ஃபோர்மேன் சொல்கிற முதல் சட்டம், தொங்கும் சுமையில் கை வைக்காதே. இந்தியில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை. கேட்டோம் என்று தாளில் கையெழுத்துப் போடுவோம். நான் எட்டாவது வரை படித்தவன். தாளில் என்ன இருக்கிறது என்று பார்த்ததில்லை. யாரும் பார்ப்பதில்லை.

சாப்பாட்டுக் கூடத்து வாசலில் ஒரு பலகை உண்டு. விபத்து இல்லாமல் எத்தனை நாள் ஓடியது என்று அதில் எழுதியிருக்கும். வேலைக் காலத்தில் தினமும் ஒன்று கூட்டுவார்கள். யாருக்காவது அடிபட்டு அது எழுத்தில் ஏறினால் பலகை பூஜ்ஜியத்துக்குப் போய்விடும். ஐந்நூறு ஆனால் எல்லாருக்கும் சக்கரம் வைத்த பை, பிரியாணி. கேட்டால் சிரிப்பீர்கள். ஆனால் மாதக்கணக்கில் தண்ணீரையே பார்த்துக்கொண்டு இருக்கிறவனுக்கு அந்தப் பலகை பெரிய விஷயம். விரல் நசுங்கியவன் துணி சுற்றிக்கொண்டு வேலைக்கு வருவான். கால் பிசகியவன் படியில் நொண்டாமல் இறங்குவான். மற்றவன் பை போய்விடக் கூடாது. எல்லாரும் அப்படித்தான் இருந்தோம்.

தை மாதம், ஐந்நூறுக்குப் பன்னிரண்டு நாள் பாக்கி இருந்தது.

மதியச் சாப்பாட்டுக்கு முன் குழாய்க்கட்டு ஒன்று இறங்கியது. கிழக்குப் பக்கக் கயிறு அவனிடம், மேற்குப் பக்கக் கயிறு என்னிடம். என் கயிறு கீழே கிடந்த ஒரு வால்வுப் பிடியில் சிக்கியது. விட்டுவிட்டு விலகியிருக்க வேண்டும். அதுதான் முறை. நான் குனிந்து சிக்கை எடுத்தேன். அதற்குள் சுமை என் தலைப்பக்கம் திரும்பியது. எனக்குத் தெரியாது. அவனுக்குத் தெரிந்தது. கயிற்றை விட்டுவிட்டு ஓடி வந்து கையால் தள்ளினான். சுமை என்னை விட்டு விலகிப் போய் கைப்பிடிக் கம்பியில் மோதியது. நடுவில் அவன் வலது கை.

அவன் கத்தவில்லை. "மாப்ள, எந்திரிச்சு வா" என்றான். நான் எழுந்த பிறகுதான் உட்கார்ந்தான்.

கட்டுப் போடும் அறைக்கு ஃபோர்மேன் வந்தார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவருக்கு மேலேயும் ஆள் உண்டு. மூடிய கட்டைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

"பன்னெண்டு நாள்தான்யா இருக்கு. கரையில ரூம்ல பட்டதுன்னு எழுதிக்கலாம். வைத்தியம் பூரா கம்பெனி பாக்கும். என்னா சொல்ற?"

ஆண்டிமடத்துக்காரன் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு, "சரிங்க. ரூம்லன்னே போட்டுக்குங்க" என்றான்.

அடுத்த நாள் விடிந்ததும் படகில் கரைக்குக் கொண்டுபோனோம். துணைக்கு நான். ஆஸ்பத்திரி வாசலில் கம்பெனி ஆள் ஒரு தாள் நீட்டினார். கரையில் தங்கியிருந்த ரூமில் அன்று காலையில் இரும்புக் கதவு இடித்துக் கையில் அடி என்று இங்கிலீஷில் இருந்ததாம். அவன் இடது கையால் ஏதோ கிறுக்கினான். கீழே, பார்த்த சாட்சி என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். யார் கயிறு சிக்கியது என்று யாரும் கேட்கவில்லை. எனக்கு அப்போது வந்தது நிம்மதி. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் வந்தது நிம்மதிதான்.

நான் பார்ஜுக்குத் திரும்பினேன். ஐந்நூறாவது நாள் பிரியாணி போட்டார்கள். நீலக் கலரில் சக்கரப் பை கொடுத்தார்கள். எல்லாருக்கும் கொடுத்தார்கள். அவன் மட்டும் அங்கே இல்லை.

சித்திரைக் கடைசியில் ஊருக்கு வந்தேன். பையை மகள் எடுத்து பீரோ மேல் வைத்தாள். ஆனியில் ஹாஸ்டலுக்குப் போகும்போது எனக்கு என்றாள். சரி என்றேன். மூன்றாம் நாள் ஒரு சாக்கில் வெங்காயம் கட்டிக்கொண்டு அவனைப் பார்க்கக் கிளம்பினேன். பெரம்பலூரில் ஒரு பஸ், அரியலூரில் ஒரு பஸ், ஜெயங்கொண்டத்தில் ஒரு பஸ். வழியெல்லாம் சிமெண்டு லாரி. எனக்கு வழி நீளமாகப் படவில்லை. சீக்கிரம் வந்துவிடுமோ என்றுதான் இருந்தது.

தோப்பு ஓரத்து வீடு. நிழலில் முந்திரிப் பழம் குவிந்து கிடந்தது. அவன் உட்கார்ந்து கொட்டை திருகிக்கொண்டிருந்தான். பழத்தைக் கால் விரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, இடது கையால் கொட்டையைத் திருகினான். பாதி பழம் நசுங்கிக் காலெல்லாம் சாறு. வலது கையை ஒரு துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தான்.

"ராஞ்சி வந்துட்டான்டி" என்று உள்ளே பார்த்துச் சத்தம் கொடுத்தான். பழைய சிரிப்பு.

அவன் மனைவி வந்தார். வாங்கண்ணே என்றார். தண்ணீர் கொடுத்தார். அவன் சட்டையில் பித்தான் ஒன்று கழன்றிருந்தது. பேசிக்கொண்டே குனிந்து போட்டுவிட்டார். அவன் கழுத்தை நீட்டிக் காட்டினான், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி. பல தடவை நடந்து பழகிப்போன விஷயம் என்று தெரிந்தது.

துண்டை விலக்கிக் கையைக் காட்டச் சொன்னேன். மூன்று விரல் இல்லை. மிச்சம் இரண்டும் மடங்கி நின்றன. முதல் ஆபரேஷன் கம்பெனி செய்தது. தையல் பிரித்த மறுநாள் ரயில் டிக்கெட் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு போன் எடுக்கவில்லை. இன்னொரு ஆபரேஷன் செய்தால் இரண்டு விரலும் நிமிரலாம் என்று திருச்சி டாக்டர் சொல்லியிருக்கிறார். செய்ய வழி இல்லை.

அவன் மனைவி என்னைப் பார்த்தார்.

"உங்க கண்ணு முன்னாடிதானாமேண்ணே, ரூம் கதவுல வச்சிக்கிட்டாரு. பாத்துக்கிட்டே நின்னீங்களா?"

நான் தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தேன்.

"கோவிச்சுக்காதீங்க. மனசு ஆறல, கேட்டுட்டேன். கடல்ல வேலை பாக்குறப்ப பட்டுருந்தாலாச்சும் நாயம் கேக்கலாம். ஜெயங்கொண்டம் கோர்ட்டுல இலவசமா வக்கீல் இருக்காங்கன்னு சொன்னாங்க, போனேன். ஒரு பொண்ணு இருந்துச்சு. வேலையில பட்டுச்சா, வேற எடத்துலயான்னு கேட்டுச்சு. ரூம்லதான்னேன். அப்புடின்னா கஷ்டமாச்சேம்மான்னுச்சு." என் முகத்தைப் பார்த்தார். "நெசமாவே ரூம்லதானாண்ணே?"

"அவன எதுக்குடி கேக்குற? வந்தவனுக்கு டீயப் போடு" என்றான் அவன். அவர் எழுந்து உள்ளே போனார்.

பஸ் ஏற்றிவிட அவனும் கூட நடந்து வந்தான். தோப்பைத் தாண்டினோம். பிறகு நான் கேட்டேன்.

"ஏன் மச்சான் வூட்டுல கூட சொல்லல?"

"சொன்னா என்னா ஆவும்? கை வைக்காத, கை வைக்காதன்னு தெனம் காலைல சொன்னாரு. வச்சேன். தப்பு என்னோடது. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போய் கேக்குறது?"

"எதுக்குக் கை வச்சன்னு கேப்பாங்கல்ல."

அவன் நின்றான். "கேப்பாங்க. கேட்டா ஒன் கயிறுன்னு சொல்லணும். குனிஞ்சன்னு சொல்லணும். ஒன்ன அன்னைக்கே படகுல ஏத்தி அனுப்பியிருப்பாங்க. ரெண்டு பேரும் வூட்டுல ஒக்காந்து என்னா பண்றது? வுடு."

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கட்டுப் போடும் அறையில் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தானே, அது பலகைக்காக இல்லை. பைக்காக இல்லை. நான் அத்தனை நாளும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி நினைத்தது எனக்கு வசதியாக இருந்தது.

பஸ் வந்தது. நான் ஏறும்போது கேட்டான்.

"அந்தப் பையி குடுத்தாங்களாமே. நல்லாருக்கா?"

"நல்லாருக்கு."

"சக்கரம் சத்தம் போடுதா?"

"இல்ல மச்சான்."

கேலி இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

ஊருக்கு வந்து நிலத்தில் வேலை பார்த்தேன். என் மனைவி இரண்டு தடவை என்னாங்க என்றாள், ஒன்றுமில்லை என்றேன். ஒரு வாரம் போனது. ஒரு நாள் காலையில் வலது கையை மடக்கி வயிற்றோடு வைத்துக்கொண்டு, இடது கையால் மட்டும் சட்டை போட்டுப் பார்த்தேன். இரண்டு பித்தான் போட்டேன். மூன்றாவது வரவில்லை. ரொம்ப நேரம் முயன்றேன். அப்படியே கிளம்பி பஸ் ஏறிவிட்டேன். மிச்சப் பித்தானை பஸ்ஸில் போட்டுக்கொண்டேன்.

ஜெயங்கொண்டம் கோர்ட்டு வளாகத்தில், அவன் மனைவி சொன்ன அந்த இலவச வக்கீலின் சின்ன அறை. வக்கீலுக்கு முப்பது வயது இருந்தால் அதிகம். ஆண்டிமடத்தில் கை போனவர் விஷயம் என்றேன். சொல்லுங்கண்ணா என்றார். சொன்னேன். நான் வாழ்க்கையில் சேர்ந்தாற்போல் அவ்வளவு பேசியதில்லை. பலகை, பன்னிரண்டு நாள், தாள், என் கையெழுத்து, கயிறு, குனிந்தது எல்லாம் சொன்னேன். கடைசியில், "கயிறு சிக்குனது என் தப்பு. கை வச்சது அவன் தப்பு. இதுல கேக்க எதாவது இருக்கா மேடம்?" என்றேன்.

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

"அண்ணா, அவர் குடிச்சிருந்தாரா?"

"கடல்ல ஏது மேடம் குடி?"

"சட்டத்த மீறியே தீரணும்னு வேணும்னே மீறுனாரா?"

"என் தலைய இடிக்க வந்துச்சு. தள்ளுனான்."

"அப்ப அது தப்புல வராது. பக்கத்துல வேலை செய்யுற ஆள காப்பாத்துனதும் வேலைதான். உங்க கயிறு சிக்குனதும் வழக்குல ஒண்ணும் கெடுக்காது. வேலையில இருந்தாரா, வேலையில அடிபட்டுச்சா, இதத்தான் சட்டம் கேக்குது. யாரு தப்புன்னு அது கேக்கல."

எனக்குப் புரியவில்லை. மறுபடி சொல்லச் சொன்னேன். மறுபடி சொன்னார். சட்டம் என்றால் யார் தப்பு என்று பிடிப்பதற்குத்தான் என்று நான் நினைத்திருந்தேன். நாங்கள் எங்களிடம் நடந்துகொண்டதைவிட அது எங்களிடம் இதமாக நடந்துகொள்ளும் என்று தெரியாது. மேஜையில் தண்ணீர் பாட்டில் இருந்தது. கேட்டு வாங்கிக் குடித்தேன்.

இன்னும் சொன்னார். அடிபட்டதிலிருந்து இரண்டு வருடத்துக்குள் கேட்க வேண்டும். மும்பைக்குப் போக வேண்டியதில்லை, தொழிலாளி குடியிருக்கிற இடத்துக்கு உட்பட்ட தொழிலாளர் ஆபீஸிலேயே மனுப் போடலாம், எங்களுக்கு அது திருச்சி. எனக்கு ஒன்றும் வேண்டாம் என்று தொழிலாளி எழுதிக் கொடுத்திருந்தாலும் அந்தத் தாள் செல்லாது.

"ஆனா ஒண்ணு இருக்குண்ணா. கை ஏன் வச்சாருன்னு சொல்ல நீங்க மட்டுந்தான் இருக்கீங்க. நீங்க வந்து முழுசா சொல்லணும். கயிறு உட்பட. அந்தத் தாள்ல போட்ட சாட்சிக் கையெழுத்து பொய்னும் நீங்களே ஒத்துக்கணும். அந்தக் கம்பெனி உங்கள திரும்பக் கூப்புடாது. வேற தொந்தரவும் வரலாம். வூட்டுல பேசிட்டு வாங்க."

"பேசிட்டேன் மேடம்" என்றேன். பேசவில்லை. பொய்தான். அதுதான் கடைசியாக இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அங்கிருந்து நேரே ஆண்டிமடம் போனேன். அவன் மனைவியிடம்தான் முதலில் சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன். கதவு இல்லை, குழாய்க்கட்டு. ரூம் இல்லை, பார்ஜ். என் தலைக்கு வந்தது அவன் கைக்குப் போனது. அவன் உள்ளேயிருந்து வந்து, "ஏன்டா இப்ப இதெல்லாம்?" என்று அதட்டினான். நான் நிறுத்தவில்லை.

அவன் மனைவி கையில் முறம் இருந்தது. அதைச் சுவரோரம் சாய்த்து வைத்தார். என்னைத் திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் புருஷனைப் பார்த்துத் திரும்பினார்.

"நாலு மாசமா கதவுல வச்சிக்கிட்டன்னு சொன்னியே. கண்ணு தெரியாத மனுசன்னு நான் எத்தன தடவ திட்டியிருப்பேன். கேட்டுக்கிட்டு ஒக்காந்திருந்தியே."

அவன் தலையைச் சொறிந்தான். "நீ திட்டுறது புதுசா என்னா?"

அவருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. முந்தானையில் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்.

"உங்கள அங்க சாவ வுட்டுட்டு ரெண்டு கையோட வந்திருந்தா, அந்தக் கையில நான் சோறு போட்டிருப்பனாண்ணே? ஒக்காருங்க. சாப்புட்டுப் போங்க."

அன்று அந்த வீட்டில் கருவாட்டுக் குழம்பு. அவன் இடது கையில் கரண்டியோடு சாப்பிட்டான். நானும் ஒரு கரண்டி கேட்டேன். "ஏன், ஒனக்கு என்னா கேடு?" என்றான். கையாலேயே சாப்பிட்டேன்.

அவன் ஒத்துக்கொள்ள இன்னும் பத்து நாள் ஆனது. "ஒன் பொழப்பு போயிடும்டா" என்பதையே சொல்லிக்கொண்டிருந்தான். கடைசியில் அவன் மனைவிதான், "அவரு வந்து சொல்றேன்னு நிக்கிறாரு. சொல்ல வுடலன்னா அவரு எப்புடித் தூங்குவாரு?" என்று கேட்டார். அவன் எழுந்து போய் ஆஸ்பத்திரித் தாளைத் தேடி எடுத்தான். என் வீட்டிலும் சொன்னேன். என் மனைவி, "இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமில்ல?" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

ஆனியில் மனுப் போட திருச்சிக்குப் போக வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரித் தாள், எக்ஸ்ரே படம், மருந்துச் சீட்டு என்று நிறைய இருந்தது. அவன் எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டுக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருவான். படி ஏறும்போது கம்பியைப் பிடிக்கக் கை இருக்காது. அதனால் முந்தின நாள் மகளிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் பீரோ மேலிருந்து நீலப் பையை இறக்கி, ஈரத்துணியால் துடைத்து, ஜிப்பை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துக் கொடுத்தாள்.

ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டில் அவனிடம் நீட்டினேன். பார்த்ததும் தெரிந்துகொண்டான்.

"எனக்கு எதுக்கு மாப்ள?"

"ஒத்தக் கையில இழுக்கலாம்."

அவன் வாங்கிக்கொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு தாள்களை உள்ளே வைத்தான். பிடியை நீட்டினான். பத்தடி இழுத்துப் போய்த் திரும்பி வந்தான்.

"நெசந்தான். சத்தம் போடல."

விசாரணை தை மாதம் வந்தது. அவனுக்கு அடிபட்டு ஒரு வருடம். கம்பெனி வக்கீல் பெரியவர். மரியாதையாகத்தான் பேசினார். தாளைக் காட்டினார். இது உங்கள் கையெழுத்தா என்றார். ஆமாம் என்றேன். அன்றைக்கு எழுதியது பொய் என்கிறீர்களா என்றார். ஆமாம் என்றேன்.

"அப்ப நீங்க பொய் சொல்ற ஆளுதான். இன்னைக்குச் சொல்றது மட்டும் உண்மைன்னு எப்படி நம்புறது?"

எங்கள் வக்கீல் இதற்கு என்னைப் பழக்கவில்லை. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

"அன்னைக்குப் பொய் சொன்னதுக்கு ஒரு பை குடுத்தாங்க சார். இன்னைக்கு உண்மை சொல்றதுக்கு யாரும் ஒண்ணும் குடுக்கல. இருந்த வேலைதான் போச்சு."

விசாரித்த அதிகாரி தலை நிமிராமல் எழுதிக்கொண்டார். பிறகு, சம்பவத்தன்று பார்ஜில் இருந்தவர்களின் பட்டியலையும், மறுநாள் படகில் கரைக்கு வந்தவர்களின் பட்டியலையும் கம்பெனியிடம் கேட்டார். கடலில் ஆள் கணக்கு தினமும் எடுப்பார்கள். யாராவது விழுந்துவிட்டால் தெரிய வேண்டுமே. இரண்டிலும் ஆண்டிமடத்துக்காரன் பெயர் இருந்தது. கரையில் ரூமில் கதவு இடித்ததாகச் சொன்ன நேரத்தில் அவன் படகில் வந்துகொண்டிருந்தான்.

கயிறு பற்றியும் கேட்டார்கள். என் கயிறு, நான் குனிந்தேன் என்று சொன்னேன். சொல்லும்போது அவன் பக்கம் பார்க்கவில்லை. முடிந்து வெளியே வந்தபோது அவன் வராந்தாவில் பையைப் பிடித்துக்கொண்டு நின்றான். "டீ குடிக்கலாமா?" என்றான். குடித்தோம்.

தீர்ப்பு வர ஆவணி ஆகிவிட்டது. அவன் பக்கம் வந்தது. தர வேண்டியதைக் கம்பெனி தந்தது. அது எவ்வளவு என்பது அவன் வீட்டு விஷயம். இரண்டாவது ஆபரேஷன் நடந்தது. தாமதமாகிவிட்டதால் ஒரு விரல்தான் நிமிர்ந்தது, இன்னொன்று பாதி. ஆனால் இரண்டையும் சேர்த்து ஒரு டம்ளரைப் பிடிக்க முடிகிறது. மேல் பித்தான் இரண்டும் இன்னும் அவன் மனைவிதான் போட்டுவிடுகிறார். முடியாமல் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. கேட்டதில்லை.

எனக்கு அந்த ஐப்பசியில் அழைப்பு வரவில்லை. அதன் பிறகும் வரவில்லை. வெங்காயம்தான் போடுகிறேன். ஒரு வருடம் விளைகிறது, ஒரு வருடம் அழுகுகிறது. முந்திரி சமயத்தில் நான்கு நாள் ஆண்டிமடம் போய்க் கொட்டை திருகிக் கொடுக்கிறேன். அவன் கால் விரலால் அமுக்கித் திருகுவதில் என்னைவிட வேகம். "ராஞ்சி, ரெண்டு கை வச்சிக்கிட்டு என்னாய்யா பண்ற?" என்கிறான்.

உங்கள் வீட்டில் யாராவது கடலுக்கோ வெளியூருக்கோ வேலைக்குப் போயிருந்தால் ஒன்று சொல்லுங்கள். அடிபட்டால் பட்ட இடத்தையும் நேரத்தையும் உள்ளபடி எழுதச் சொல்லுங்கள். பலகை பூஜ்ஜியத்துக்குப் போனால் போகட்டும்.

என் கயிறு ஏன் சிக்கியது என்று அவன் ஒரு நாளும் என்னிடம் கேட்கவில்லை, யார் தப்பு என்று சட்டமும் கேட்கவில்லை; அதிலிருந்து யாராவது அடிபட்டு என் முன்னால் வந்து நின்றால், எப்படி ஆச்சு என்று நான் கேட்பதில்லை, வலிக்குதா என்றுதான் கேட்கிறேன்.